‘உது’ தெரிந்தவர்களுக்கு ஜப்பானிய மொழி

அரிவு வெட்டுக் காலத்தில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் போகிறவர்கள், தங்களுக்குத் தெரியாமலே ஜப்பானிய மொழியை வாசித்துக்கொண்டு போகிறார்கள். வயலுக்குள் நிற்கும் அறுவடை இயந்திரத்தில் ‘குபோட்டா’ என்று இருக்கும். வாய்க்காலடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் ‘ஹொண்டா’ என்று இருக்கும். வீதியால் போகும் வானில் ‘டொயோட்டா’ என்று இருக்கும். இந்த மூன்று பெயர்களும் நிறுவனரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தவை. மூன்றின் கடைசியிலும் நிற்பது ஒரே சொல்: ‘த’. அதன் பொருள் வயல்.

அந்தச் சொல்லுக்கு ஒரு சித்திர எழுத்து உண்டு. ஒரு சதுரம் கீறுங்கள். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, இடமிருந்து வலமாக ஒரு கோடு. நான்கு வரம்பும் நடுவரப்புகளுமாக ஒரு வயல்துண்டு கண்முன்னே நிற்கும். எழுதும்போது அடிக்கோட்டைக் கடைசியில்தான் போட வேண்டும். கடைசி வரம்பைக் கட்டி வயலை அடைப்பதுபோல. ‘ஹொன்’ என்ற சொல்லோடு சேரும்போது ‘த’ மெலிந்து ஒலித்து ‘ஹொண்டா’ ஆகிறது. ‘பந்து’ என்ற சொல்லில் மெல்லினத்துக்குப் பின்வரும் தகரத்தை நாமும் அப்படித்தான் மெலிக்கிறோம்.

ஜப்பானிய மொழி உலகிலேயே கடினமானது என்று பலர் பயமுறுத்துவார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அது உண்மை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், தன் அலுவலர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க ஏறத்தாழ 2,200 வகுப்பு மணித்தியாலங்களை ஒதுக்கி, அதை மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலத்திலிருந்து புறப்படுகிறவருக்கானது. நாங்கள் புறப்படும் இடம் வேறு.

ஒரு வசனத்தைப் பாருங்கள். ‘வதஷி வ அஷித கிரினொச்சி எ இகிமஸ்.’ வதஷி என்றால் நான்; பின்வரும் ‘வ’ எழுவாயைக் காட்டும் இடைச்சொல். அஷித, நாளை. ‘எ’ என்பது நமது ‘கு’ உருபு. இகிமஸ், போகிறேன். நான் நாளை கிளிநொச்சிக்குப் போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ளகரம் அங்கே இல்லாததால் கிளிநொச்சி மட்டும் ‘கிரினொச்சி’ ஆகிவிட்டது. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அடைமொழி பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பழகும் இந்த ஒழுங்கு எங்கள் நாவில் ஏற்கெனவே இருக்கிறது.

துணைவினைகளிலும் அப்படியே. ‘மிரு’ என்றால் பார். ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்; அங்கும் ‘பார்’ என்பது கண்ணால் பார்ப்பதல்ல, முயன்று பார்ப்பது. ‘ஒகு’ என்றால் வை. ‘ஷிதெ ஒகு’ என்றால் செய்து வை. இந்த நுட்பத்தை எந்த ஆசிரியரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பூட்டுவது சுட்டுச் சொற்கள்தான். கொரெ, சொரெ, அரெ, டொரெ என்று நான்கு. கொரெ என்றால் இது, அரெ, அது, டொரெ, எது. இடையில் நிற்கும் ‘சொரெ’ கேட்பவருக்குப் பக்கத்தில் உள்ளதைக் குறிக்கும். பாடநூல்கள் இதற்குப் படம் கீறி விளக்கும். தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘உதை இஞ்சை தாங்கோ’ என்று சொல்லும் கண்டாவளைப் பிள்ளைக்குச் சொரெ என்றால் ‘உது’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. இஞ்சை, உங்கை, அங்கை, எங்கை என்ற நான்குக்கும் கொகொ, சொகொ, அசொகொ, டொகொ என்று நான்கு சொற்கள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. எதிரே நிற்பவர் சொன்ன யோசனையை மறுக்கும்போது ‘உது சரிவராது’ என்கிறோமே, அந்த இடத்தில் ஜப்பானியரும் ‘சொரெ’ என்றே சொல்வார். பேச்சுத்தமிழ் கொச்சை என்று கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் ஊர்ப்பேச்சு இங்கே உங்களுக்குப் பெரிய முதல்.

இந்த ஒற்றுமைகளில் ஆழ்ந்துபோன ஜப்பானிய மொழியியலறிஞர் சுசுமு ஓனோ (1919–2008). யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் இருக்கிறது என்ற ஓனோவின் முடிவை மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்கவில்லை. கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட வினையைக் கடைசியில் வைப்பவை; அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் உறவு நிறுவப்படாது. ஆனால் கற்கிறவருக்கு உறவுமுறை முக்கியமில்லை. அமைப்பு ஒத்திருப்பதே போதும்.

எழுத்துக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் மூன்று எழுத்து முறைகள் உண்டு. சொந்தச் சொற்களுக்கு ஹிரகனா, பிறமொழிச் சொற்களுக்குக் கதகனா. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்தான கஞ்சி. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 கஞ்சிகள் இருக்கின்றன. தொடக்கக்காரர் அந்தத் தொகையைப் பார்த்து மலைக்கவேண்டாம். முதலில் ஹிரகனா மட்டும்.

அதன் வரிசையும் எங்களுக்குப் பழகியது: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அங்கே ஹகரம் நிற்கும் இடத்தில் பழங்காலத்தில் பகரம் ஒலித்தது. அதைப் போட்டுப் பார்த்தால் நெடுங்கணக்கின் ஒழுங்கே வந்துவிடுகிறது. இந்திய ஒலியியல் மரபு பௌத்தத் துறவிகளின் கல்வியோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததன் விளைவு இது. ஒரு வேறுபாடு: நமது ‘க’, ‘கி’ போல அங்கே உருவத் தொடர்பு இல்லை. ஒவ்வொன்றையும் தனியாக மனதில் பதிக்க வேண்டும். தூண்டில் கொக்கிபோல் ஒன்று ‘ஷி’. மடக்கிய முழங்கைபோல் ஒன்று ‘கு’. தாழ்ந்த கூரைபோல் ஒன்று ‘ஹெ’. மூன்றும் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் முடிபவை. இவற்றிலிருந்து தொடங்கலாம்.

எங்களுக்கென்றே சில வழுக்கல்களும் இருக்கின்றன. முதலாவது, தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிப்பது. ‘கின்’ என்று வல்லொலியில் சொன்னால் தங்கம். அதையே மெலித்துச் சொன்னால் வெள்ளி. தமிழில் இரண்டுக்கும் ஒரே ககரம்தான். இரண்டாவது, சொல்லின் நடுவில் வரும் ககரத்தை ‘மகன்’ என்பதில்போல் இளக்கிவிடுவது. ‘கொகொ’ என்பதில் இரண்டு ககரமும் ‘பக்கம்’ என்பதன் ககரம்போல் உறுதியாக ஒலிக்க வேண்டும். ஆனால் குறில் நெடில் பேதம் எங்களுக்குக் கைவந்தது: ‘ஒபசன்’ மாமி, ‘ஒபாசன்’ பாட்டி. ‘வ’, ‘க’ என்ற இரண்டு எழுவாய் இடைச்சொற்களின் வேறுபாடும், பொருளின் வடிவத்துக்கேற்ப மாறும் எண்ணுச் சொற்களும் எல்லாருக்கும் நாட்பட்ட வேலை.

எப்படிப் படிப்பது? பழைய கலண்டர் மட்டையைத் துண்டுதுண்டாக வெட்டுங்கள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் ஒலி. சில பெட்டிகளை வரிசையாக வைத்து, எல்லா அட்டைகளையும் முதற் பெட்டியில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். பிழைத்த அட்டை முதற் பெட்டிக்குத் திரும்பும். முதற் பெட்டியை நாள்தோறும் மீட்டுங்கள், அடுத்தவற்றை இடைவெளி கூட்டிக் கூட்டி. மறக்கத் தொடங்கும் தறுவாயில் நினைவுபடுத்துவதுதான் இதன் சூட்சுமம். இரண்டு மூன்று வாரத்தில் ஹிரகனா வசப்படும். பிறகு கதகனா, அதன்பின் பாடநூல். ‘மின்ன நொ நிஹொங்கொ’ பலரும் கைக்கொள்ளும் நூல். ஜப்பான் பவுண்டேசனின் ‘இரொடொரி’ ஒலிப்பதிவுகளோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். ஒலிப்பதிவைக் கேட்டு உடனுக்குடன் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழிக்கான அனைத்துலகத் தேர்ச்சித் தேர்வில் பேச்சுப் பரீட்சை இல்லை. அதனால் தேர்வில் சித்தியடைந்தும் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் உண்டு.

அந்தத் தேர்வு N5 தொடங்கி N1 வரை ஐந்து படிகளாக நடக்கிறது. N5-க்கு இணையான பழைய படிக்கு 150 மணித்தியாலப் படிப்பு, 100 கஞ்சி, 800 சொற்கள் என்று அளவு வைத்திருந்தார்கள். அடுத்த படிக்கு 300 மணித்தியாலம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் முதற்படிக்கு ஐந்து மாதம், இரண்டாம் படிக்குப் பத்து மாதம். 2019 ஜூனில் இலங்கை ஜப்பானோடு செய்த உடன்பாட்டின்படி, விவசாயம், முதியோர் பராமரிப்பு, கட்டுமானம் போன்ற துறைகளில் தொழில் விசா பெற, N4 அல்லது அதற்கு நிகரான மொழித் தேர்வும் தொழிற் தேர்வும் வேண்டும். மொழி கையில் இல்லாதவரை முகவருக்குக் காசு கட்டாதீர்கள். கட்டுமுன் அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

ஜப்பானியருக்கு நெல் ‘இனெ’, அரிசி ‘கொமெ’, சோறு ‘கொஹன்’. ஆங்கிலம் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நெல்லையும் அரிசியையும் சோற்றையும் பிரித்தறியும் ஊரில் பிறந்தவர்களே, இன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து, அந்த வயலை ஐந்து இழுப்பில் கீறித் தொடங்குங்கள்.