வாக்கி டாக்கியில 'வர வேண்டாம்'னு சொல்லாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுல டயர்ல காத்து எவ்வளவு குறைக்கணும்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதி வேற ஒண்ணைப் பத்தி: "நாலு வண்டி சேர்ந்து ஆஃப்ரோடு போறோம், எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?" பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம், நண்பர் ஒருத்தரோட காபித் தோட்டம். உள்ளே ஜீப் மட்டும் போற மண்பாதை, நடுவுல ஒரு ஓடை. போன்ல சிக்னல் சுத்தமா கிடையாது. நாலு வண்டியில முதல் வண்டி என்னுது. முந்தின ராத்திரி நல்ல மழை. ஓடையில இறங்கின பிறகுதான் தெரிஞ்சுது, வலது பக்கம் மண் அரிச்சுப் பள்ளமாகியிருக்கு. எப்படியோ அக்கரை ஏறிட்டேன். பாதை வளையறதால பின்னால வர்றவங்க கண்ணுக்குத் தெரியல. அவசரமா ரேடியோவை எடுத்து, "வலது பக்கமா வர வேண்டாம்"னு சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள பட்டன்ல இருந்து விரலை எடுத்துட்டேன்.

அடுத்த வண்டியில கேட்டது இவ்வளவுதான்: "வலது பக்கமா வர..."

அவன் சரின்னு வலது பக்கமாவே வந்தான். நேரா பள்ளத்துல இறங்கினான். தண்ணி பானெட் வரைக்கும் ஏறி, இன்ஜின் தண்ணியைக் குடிச்சு நின்னுபோச்சு. பின்சீட்டுல அவனோட ஆறு வயசுப் பொண்ணு. அவளை ஜன்னல் வழியாத் தூக்கி வெளியே எடுத்தோம். நல்லவேளை, யாருக்கும் அடிபடல. இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்க வேண்டியிருந்தது, செலவுல பாதி நான் கொடுத்தேன். அந்தக் குட்டி இன்னைக்கும் என் வண்டியில ஏற மாட்டேங்குது.

ரேடியோவுல எந்தக் கோளாறும் இல்ல. கோளாறு நான் பேசின விதத்துல. அதனால இன்னைக்கு எதை வாங்குறதுன்னும் சொல்றேன், எப்படிப் பேசுறதுன்னும் சொல்றேன். இரண்டாவதுதான் முக்கியம்.

எதை வாங்கலாம்?

முதல்ல சட்டம். இந்தியாவில் வயர்லெஸ் கருவி பயன்படுத்த உரிமம் வேண்டும் என்பதுதான் பொது விதி. 2018-ல் வந்த விதிகள் சில குறைந்த சக்திக் கருவிகளுக்கு விலக்கு தருகின்றன. நமக்கு வேண்டியது அதில் ஒன்று: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் கைரேடியோ. பேசுறவருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கருவிக்கு ஈ.டி.ஏ. என்கிற ஒப்புதல் இருக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு அதைத் தருகிறது. வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: எந்த அலைவரிசை? ஈ.டி.ஏ. இருக்கா?

"ஆன்லைன்ல 5 வாட் ரேடியோ சல்லிசா கிடைக்குதே ப்ரோ"ன்னு கேப்பீங்க. அந்த வகைக் கருவிகள் பலவற்றில், நமக்கு அனுமதியே இல்லாத அலைவரிசைகளிலும் பேச முடியும். சிக்கல் அங்கேதான். இப்படி விற்பதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் தனி வழிகாட்டுதல்களே வெளியிட்டது. கார்ட்ல போட முடியுதுங்கறதால சட்டப்படி சரின்னு அர்த்தம் இல்ல. அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்குவது நல்ல வழி. ஆனா உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா பத்தாது, எதிர்முனையில பேசுறவருக்கும் வேணும்.

சின்ன ரேடியோ போதுமா?

பெட்டி மேல போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கை மறந்துடுங்க. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ரேடியோவைப் பிடித்தால், அதற்குத் தெரியும் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். எதிராளிக்கும் ஒரு 5. அதாவது எதுவுமே குறுக்கே இல்லாத சமவெளியில்கூட 10 கிலோமீட்டர்தான் கணக்கு. மலையும் மரமும் வந்தால் ஒரு கிலோமீட்டரே சந்தேகம். சக்தியைப் பத்து மடங்கு கூட்டினாலும் வெட்டவெளியில் தூரம் சுமார் மூன்று மடங்குதான் கூடும். நடுவில் மலை நின்றால் அதுவும் உதவாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க, கான்வாய்ல வண்டிகளுக்கு நடுவுல சில நூறு மீட்டர் இடைவெளிதான். அதுக்கு இந்த ரேடியோ தாராளம். காரோ ஒரு இரும்புப் பெட்டி. சிக்னல் பெரும்பாலும் கண்ணாடி வழியாத்தான் வெளியே போகும். அதனால கியர் பக்கத்துல படுக்கப் போடாதீங்க, ஜன்னல் ஓரமா நிமிர்த்திப் பிடிங்க.

வண்டிக்கு ஒண்ணு, கூட ஒண்ணு உபரியா வாங்குங்க. இறங்கி நின்னு வழி காட்டுறவர் கையில அந்த உபரி இருக்கட்டும். ஐ.பி.67 தரம்னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். 'பிரைவசி கோடு'ன்னு ஒண்ணு இருக்கும், பேரைப் பாத்து ஏமாறாதீங்க. அது மத்தவங்க பேச்சு உங்க காதுல விழாம வடிகட்டும், அவ்வளவுதான். உங்க பேச்சை யார் வேணும்னாலும் கேக்கலாம். எல்லா ரேடியோவுலயும் ஒரே சேனல், ஒரே கோடு வெச்சு, கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு தடவை பேசிப் பாருங்க.

எப்படிப் பேசணும்?

பட்டனை அழுத்துங்க. ஒரு நொடி பொறுங்க. பேசுங்க. முடிச்ச பிறகும் அரை நொடி விட்டுத்தான் விரலை எடுங்க. அழுத்தின உடனே பேசினா முதல் வார்த்தை போயிடும், சீக்கிரம் விட்டா கடைசி வார்த்தை போயிடும். நீங்க அழுத்திட்டு இருக்கிற வரைக்கும் மத்தவங்க சொல்றது உங்களுக்குக் கேக்காது. ஒருத்தர் முடிச்ச பிறகுதான் அடுத்தவர்.

இதுல தமிழ் பேசுற நமக்குத் தனியா ஒரு பிரச்சினை இருக்கு. நம்ம மொழியில 'வேண்டாம்', 'கூடாது', 'இல்ல' எல்லாம் வாக்கியத்தோட கடைசியில வரும். கடைசி வார்த்தை அறுந்தா அர்த்தமே தலைகீழாயிடும். என் ஓடைக் கதையில நடந்தது அதுதான். அதனால எங்க குழுவுல இப்ப மூணு விதி. ஒண்ணு, கட்டளை முதல்ல: "நில்லு, நில்லு. வலது பக்கம் பள்ளம்." ரெண்டு, கேட்டவர் அதையே திருப்பிச் சொல்லணும்: "நிக்கிறேன். வலது பக்கம் பள்ளம்." வெறும் ஓகே செல்லாது. மூணு, பாதி கேட்டாலும் சரி, ஒண்ணுமே கேக்கலைன்னாலும் சரி, நின்னுடணும். சத்தம் வரலைன்னா 'வா'ன்னு அர்த்தம் கிடையாது.

அடுத்த டிரிப்புக்கு முன்னாடி பார்க்கிங்லயே பத்து நிமிஷம் இதைப் பழகிப் பாருங்க. பாக்குறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அடுத்த எபிசோடுல விஞ்ச் பத்திப் பேசலாம். பத்திரமா ஓட்டுங்க மக்களே!