மாமரத்துக்கு ஆவணியில் ஏன் கவாத்து?

காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மா அறுவடை ஓய்ந்ததும் தோப்பை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த பருவத்துப் பூவுக்கு வேலை செய்யவேண்டிய நேரமே இதுதான்.

மா கிளை நுனியில் பூக்கும் மரம். அதுவும் சில மாதம் முற்றிய கிளையில்தான். இரவுக் குளிர் அந்த நுனி மொட்டைப் பூவாக மாற்றும்; கிளை இளசாக இருந்தால் இலைதான் வரும். ஆவணி, புரட்டாசியில் வெட்டினால் மழை ஈரத்தில் துளிர்த்து, தைக்குள் முற்றிவிடும். கார்த்திகையில் வெட்டினால் பெரும்பாலும் பூ போச்சு.

ஒரு கிளையை வளைத்துப் பாருங்கள். பழம் தொங்கிய காம்பு நுனியில் காய்ந்து நிற்கும். அந்த நுனி இனி நீளாது; கீழே இலைக்கணுவில் இருக்கும் மொட்டுகள்தான் துளிர்க்கவேண்டும். காம்புக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டால் அவை சீக்கிரம் விழிக்கும்.

பெரிய கிளைகளைக் கண்டபடி கழிக்காதீர்கள். காய்ந்தது, நோய் கண்டது, ஒன்றோடொன்று உரசுவது போதும். உள்ளே வெயில் விழவேண்டும். நிழலில் கிடக்கும் கிளை சரியாகப் பூக்காது. தடித்த வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள், மழைக்காலத்தில் பூஞ்சை நுழைவது அந்த வழியாகத்தான். தொழுவுரத்தை அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல், உறிஞ்சும் வேர்கள் இருக்கும் கிளைநிழல் ஓரமாக வட்டமாக இடுங்கள்.