இருளிலும் வாசிக்கும் விரல்கள்



இரவு நேரம். இல்லத்தில் பிள்ளை பாடம் படித்துக் கொண்டிருக்கின்றது. திடீரென மின்சாரம் நின்றுவிடுகின்றது. என்ன செய்வீர்கள்? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மெழுகுவத்தியைத் தேடுவீர்கள். நம்மைப் பொறுத்தவரை வாசிப்பு என்பது வெளிச்சத்தோடு கட்டுண்ட ஒன்று.

திபெத்தின் தலைநகர் லாஸாவில் ஒரு நாள் பார்வையற்ற பிள்ளைகள் சிலர் கைத்தடியுடன் வீதியில் நடந்து சென்றனர். நாடோடி மக்கள் சிலர் அவர்களைக் குருட்டு மடையர்கள் என்று ஏளனம் செய்தனர். ஒரு சிறுமி சட்டெனத் திரும்பி நின்றாள். தனக்குக் கண் தெரியாதுதான், ஆனால் தான் மடைச்சி அல்லள் என்றாள். தான் பள்ளிக்குச் செல்வதாகவும், எழுதப் படிக்க அறிந்திருப்பதாகவும், அதுவும் இருட்டிலேயே தன்னால் முடியும் என்றும் கூறி, உங்களால் முடியுமா என்று கேட்டாளாம்! அந்த நாடோடிகளோ எழுத்தறியும் வாய்ப்பே கிட்டாதவர்கள். அச்சிறுமியின் பள்ளியை நிறுவியவர்கள் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது.

அந்த மறுமொழிக்குப் பின்னால் ஒரு மங்கையின் பல்லாண்டு உழைப்பு இருக்கின்றது. அவர் பெயர் சப்ரியே டென்பெர்கென். ஜெர்மனி நாட்டவர். 1970-இல் பிறந்த அவர், பன்னிரண்டு பதின்மூன்று வயதிற்குள் பார்வையை முற்றிலும் இழந்துவிட்டார். ஆயினும் பான் பல்கலைக்கழகத்தில் திபெத்திய மொழியைப் பயிலச் சேர்ந்தார். அங்கே ஒரு சுவர் எதிர்ப்பட்டது. திபெத்திய மொழிக்குப் பார்வையற்றோர் வாசிக்கும் எழுத்தே கிடையாது!

இவ்விடத்தில் பிரெய்ல் எழுத்தைப் பற்றிச் சற்றே கூறியாக வேண்டும். தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் சிறு வயதிலேயே கண்களை இழந்த லூயி பிரெய்ல் என்னும் பிரெஞ்சுக்காரர், 1824-இல், தமது பதினைந்தாம் வயதில் அமைத்த முறை அது. ஆறே புள்ளிகள், அவற்றுள் எவை தாளின் மீது மேடாக எழும்பி நிற்கின்றனவோ, அதைக் கொண்டு விரல் நுனி எழுத்தை அறிகின்றது. முதற்புள்ளி மட்டும் எழும்பினால் ஆங்கிலத்தில் ஏ, தமிழில் அகரம், அரபியில் அலிஃப்! ஒன்றும் மூன்றும் எழும்பினால் தமிழில் ககரம், அரபியில் காஃப். நாம் வலமிருந்து இடமாக ஓதி வரும் அரபு, பிரெய்லில் இடமிருந்து வலமாக ஓடுகின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கும். எழுத்தின் மேலும் கீழும் நாம் காணும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் அங்கே எழுத்தின் பின்னால் வரிசையில் வந்து நின்றுகொள்கின்றன. விரல் ஒரே கோட்டில்தான் செல்லும் அல்லவா?

திபெத்திய எழுத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அங்கே முப்பது மெய்யெழுத்துகள், நான்கு உயிர்க்குறிகள். ஓர் எழுத்தின் தலைமேல் இன்னோர் எழுத்து ஏறி நிற்கும். காலடியில் மற்றொன்று தொங்கும். இந்த அடுக்குகளையெல்லாம் நேர்க்கோட்டில் இறக்கி வைத்து, 1992-இல் டென்பெர்கென் ஒரு பிரெய்ல் முறையை உருவாக்கினார். தமது படிப்புக்காகவே செய்துகொண்டது அது. திபெத்திய அறிஞர் ஒருவர் அதனை ஆராய்ந்து, எளிதில் கற்கத் தக்கது என்று ஏற்றுக்கொண்ட பின்னரே, அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் இதைக் கொண்டு செல்லக்கூடாது என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

எண்ணம் நன்று, வழி ஏது? வெளிநாட்டுத் தொண்டுப் பணிக்கு விண்ணப்பித்தபோது, பார்வையற்றவரை அனுப்ப இயலாது என்று மறுத்துவிட்டனர். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பார்வையற்ற ஆசிரியையைவிடத் தகுந்தவர் யாரென்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! 1997-இல் அவர் தாமாகவே புறப்பட்டார். கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே உள்ள லாஸாவை அடைந்து, குதிரையேறிக் கிராமங்களுக்குச் சென்று பிள்ளைகளைத் தேடினார்.

அவர் கண்டது என்ன? உயர்ந்த மலைநாட்டின் கடும் வெயில், வீட்டுக்குள் மூட்டும் அடுப்பின் புகைக்கரி, வைட்டமின் ஏ குறைவு, மருத்துவ வசதியின்மை ஆகியவற்றால் அங்கே பார்வையிழந்தோர் மிகுதி. சுமார் 25 லட்சம் மக்களில் 30 ஆயிரம் பேர் என்று அக்காலக் கணக்கு கூறிற்று. முற்பிறவிப் பாவத்தின் தண்டனை என்று அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்தனர். நான்கைந்து வயதாகியும் நடக்கத் தெரியாத குழந்தைகள் இருந்தனர். கால்களில் குறையில்லை, நடக்கக் கற்பிக்க எவரும் முன்வரவில்லை!

பாவம், தண்டனை என்னும் பேச்சு நம்மிடம் இல்லையெனச் சிலர் பெருமை கொள்ளலாம். சற்றுப் பொறுங்கள். நம் குடும்பங்களில் பார்வையற்ற பிள்ளை இருந்தால், அதன் நினைவாற்றலைப் புகழ்கின்றோம். செவிவழியே ஓதக் கேட்டு மனனம் செய்யவும் வைக்கின்றோம். அது உயர்ந்த பேறுதான். ஆனால் அப்பிள்ளை தானே ஒரு பக்கத்தைத் திறந்து, பிறர் துணையின்றி, தான் விரும்பிய வரியில் விரலை வைத்து வாசிக்க வேண்டாமா? உம்மா அடுக்களையில் இருந்தாலும், வாப்பா கடைக்குச் சென்றிருந்தாலும், தனக்கு வந்த கடிதத்தைத் தானே படித்துக்கொள்ள வேண்டாமா?

லாஸாவில் சந்தித்த பால் குரோனன்பர்க் என்னும் டச்சுக்காரர் துணைநிற்க, 1998-இல் சில பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கிற்று. திபெத்தியம், சீனம், ஆங்கிலம் என மும்மொழி எழுத்தும் விரல்களுக்குப் பழக்கப்பட்டன. கைத்தடி பிடித்து நடப்பது, உணவு உண்பது, தன் துணியைத் தான் கண்டெடுப்பது ஆகியவையும் பாடங்களே. பிரெய்ல் நூல்கள் அச்சிடும் கூடமும் அமைந்தது. பிள்ளைகள் என்றென்றும் அங்கேயே இருந்துவிடக்கூடாது. தேறியபின் பார்வையுள்ள பிள்ளைகள் பயிலும் சாதாரணப் பள்ளிகளில் சேர வேண்டும் என்பதே திட்டம்.

இப்போதெல்லாம் வெளிநாடு சென்று சில வாரங்கள் கற்பித்துத் திரும்பும் இளைஞர்கள் பலர். அவர்தம் நல்லெண்ணத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் குழந்தை எழுத்துக் கூட்டத் தொடங்கும் வேளையில் ஆசிரியை விமானமேறிவிட்டால் என்னாகும்? டென்பெர்கென் அம்மையாரோ காலடி வைக்கு முன்னரே அந்நாட்டு மொழியைக் கற்றார். அதற்கோர் எழுத்தையும் கையோடு கொண்டு சென்றார். தமக்குப் பின் பள்ளியை நடத்துவோர் அப்பிள்ளைகளாகவே இருக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

பின்னர் அவ்விருவரும் நமக்கு மிக அருகிலேயே வந்து சேர்ந்தனர். ஆம்! 2009-இல் திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி ஏரிக்கரையில், சமூகப் பணிக்கு ஆட்களைப் பயிற்றும் நிலையம் ஒன்றைத் தொடங்கினர். ‘காந்தாரி’ என்பது அதன் பெயர். உருவத்தில் சிறியதும் உறைப்பில் பெரியதுமான அந்த மிளகாயை நம் குமரி மாவட்டத்துச் சகோதரிகள் நன்கறிவர். ஆசியா, ஆப்பிரிக்கா எனப் பல நாடுகளிலிருந்தும் அங்கே வந்து பயின்றனர். லாஸாப் பள்ளியில் எழுத்தறிந்த மாணவி ஒருவரும் அவ்வாறு வந்து பயின்றார், ஊர் திரும்பினார், பார்வையுள்ள குழந்தைகளும் பார்வையற்ற குழந்தைகளும் ஒன்றாய் அமரும் மழலையர் பள்ளி ஒன்றைத் திபெத்தில் தாமே தொடங்கினார்.