காய்ந்த காபி செய்யும் மின்பகுப்பு

வத்தலக்குண்டில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனி மாதத்து மாலையில் மடிக்கணினியின் மேல் அரை டம்ளர் காபி சிந்திவிடுகிறது. துடைத்து, இரண்டு நாள் காயவைத்து இயக்கினால் பழையபடி ஓடுகிறது. எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு விசையைத் தட்டினால் பத்து எழுத்துகள் விழுகின்றன. மறுநாள் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. அதற்கும் மறுநாள் கணினியில் உயிரே இல்லை. நான்கு மாதத்துக்கு முன் சிந்திய காபியா இதைச் செய்தது?

ஆம், அதுவேதான். காய்ந்து போனது தண்ணீர் மட்டுமே. பாலிலும் காபித் தூளிலும் இருந்த பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகளும் சர்க்கரையும் மதர்போர்டின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிட்டன. உங்கள் வீட்டு உப்பு ஜாடியை மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். உப்பு கசிந்து கட்டிபட்டுக் கிடக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் தூய சோடியம் குளோரைடே காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஆக, வெயில் காலத்தில் சும்மா கிடந்த படலம் ஐப்பசியில் மின்பகுதிரவமாகிவிடுகிறது.

பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு செம்புத் தடங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் 19 வோல்ட், மற்றொன்றில் 3.3 வோல்ட். இடைவெளியோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நேர்மின்வாயான தடத்திலிருந்து செம்பு அயனிகளாகக் கரைகிறது. எதிர்மின்வாயில் மரக்கிளை போலப் படிந்து வளர்கிறது. கிளை எதிர்த் தடத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று. கரைந்த தடம் அறுந்தால் திறந்த சுற்று.

எவ்வளவு கரையும்? ஃபாரடே விதியைக் கொண்டு நாமே கணக்கிடலாம். கசியும் மின்னோட்டம் ஒரே ஒரு மைக்ரோ ஆம்பியர் என்று வைப்போம். 30 நாளில், அதாவது 25,92,000 வினாடியில், பாயும் மின்னூட்டம் சுமார் 2.6 கூலூம். 96,485 கூலூம் 31.8 கிராம் செம்பைக் கரைக்கும், எனவே 2.6 கூலூம் சுமார் 0.85 மில்லிகிராமைக் கரைக்கும். இது அற்பமா? 0.1 மில்லிமீட்டர் அகலமும் 0.035 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட தடம் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 0.31 மில்லிகிராம்தான் இருக்கும்! மின்னோட்டம் முழுதும் செம்பைக் கரைப்பதிலேயே செலவாவதில்லை என்பது உண்மை. ஆனால் தடம் அறுபட, ஓரிடத்தில் மயிரிழை அளவு அரித்தாலே போதுமே. கணினியை அணைத்து வைத்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும்.

இந்தக் கிளையை வகுப்பிலேயே வளர்க்கலாம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசல், அதில் எதிரெதிராக இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள், ஒரு 9 வோல்ட் பேட்டரி. லென்ஸால் எதிர்மின்வாயின் நுனியைப் பாருங்கள். பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள், மயில்துத்தம் நஞ்சு.

நனைந்த கருவியை அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொல்வார்கள். அரிசி கொஞ்சம் ஈரத்தை வாங்கலாம், உப்பை வாங்காது. பழுது பார்ப்பவர் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார். லென்ஸில் பச்சை பூத்த இடங்களைத் தேடுவார். மல்டிமீட்டரால் மின்வழங்கு தடத்துக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளப்பார். சில ஓம் மட்டுமே காட்டினால் குறுக்குச்சுற்று என்று ஐயுறுவார். செயலியின் தடம் மட்டும் நல்ல நிலையிலும் குறைவாகவே காட்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் பலகையைக் கழுவி உப்பையும் சர்க்கரையையும் கரைத்தெடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அந்த நீரையும் வெளியேற்றுவார். ஆல்கஹால் மட்டும் போதாது. உப்பும் சர்க்கரையும் அதில் எளிதில் கரைவதில்லை. இதையெல்லாம் நீங்களே செய்யத் துணிய வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, ஆல்கஹாலும் அப்படியே.

குளோரைடு செம்பை அரிப்பது நம் சிற்பங்களுக்கும் பழைய பகைதான். மண்ணில் புதைந்திருந்த வெண்கலத் திருமேனிகளிலும் பச்சைப் பொடி பூக்கும். 1930-களில் சென்னை அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் அவற்றை மின்பகுப்பினாலேயே குணப்படுத்தினார். அங்கே சிலை எதிர்மின்வாயாக வைக்கப்பட்டது. குளோரைடு அயனிகள் அதை விட்டு நேர்மின்வாயை நோக்கி வெளியேறின.