விசைப்பலகை வேலை செய்யாவிடில்…



கணினியோடும் கைப்பேசியோடும் நாம் உரையாடுவதற்குரிய வாயில் விசைப்பலகையே ஆகும். அவ்வாயில் அடைபடுமானால், எத்துணை விலையுயர்ந்த கருவியும் ஊமையாகிவிடும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வகுப்பறை வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. தோட்டப்புற இல்லங்கள் பலவற்றில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்டனர். அப்போது தமிழ்மொழிப் பாடத்திற்கான விடையையே ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்பிய பிள்ளைகள் உண்டு. காரணம் வினவினால், ‘இதில் தமிழ் வேலை செய்யவில்லை’ என்பதே மறுமொழியாக இருந்தது. புலனத்தில் ஆசிரியருக்குச் செய்தி அனுப்பும் பெற்றோர் பலர் இன்றும் அதையே கூறுகின்றனர். உண்மையில் பெரும்பாலான வேளைகளில் எதுவும் பழுதாகியிருப்பதில்லை. ஏதோ ஓர் அமைப்பு மட்டும் மாறியிருக்கும். அதனை அறியாமல் புதிய விசைப்பலகைக்கோ புதிய கைப்பேசிக்கோ பணத்தைச் செலவிடுவதும், தமிழில் எழுதுவதையே விட்டுவிடுவதும் வருந்தத்தக்கவை.

விசையை அழுத்தும்போது உள்ளே நிகழ்வது யாது என்பதை முதலில் காண்போம். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நாம் மிகுதியாகக் காணும் விசைப்பலகையைத் திறந்தால், ஒவ்வொரு விசையின் கீழும் சிறு கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போன்ற ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். (நம் தாத்தா பாட்டியர் பால் எடுத்த மரத்து ரப்பர் அன்று, பெரும்பாலும் அது சிலிக்கோன் ரப்பரே.) அதன் கீழே மின்கோடுகள் பதித்த மெல்லிய நெகிழித் தாள்கள் அடுக்கப்பட்டிருக்கும். விசையை அழுத்தியதும் குமிழ் அமிழ்ந்து, மேல்தாளின் கோடும் கீழ்த்தாளின் கோடும் ஒன்றையொன்று தொடும். எந்தக் கோடும் எந்தக் கோடும் தொட்டன என்பதைச் சிறு மின்சில்லு ஒன்று கண்டறிந்து, அவ்விசைக்குரிய எண்ணைக் கணினிக்கு அனுப்பும். விசைப்பலகை அனுப்புவது எண்ணை மட்டுமே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அதற்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. அந்த எண் ‘க’ ஆகுமா, ‘எச்’ ஆகுமா என்பதைத் தீர்மானிப்பது கணினியில் அவ்வேளையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் மொழியமைப்பே ஆகும்.

ஆகவே, எழுத்து தோன்றாவிடில் அது வழியில் எங்கே நின்றது என்று தேடுவதே முறை. விசையிலா, கம்பியிலா, கணினியிலா, மொழியமைப்பிலா? இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றுண்டு. விண்டோஸ் கணினியில் ‘கண்ட்ரோல்’, ‘விண்டோஸ்’, ‘ஓ’ ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், திரையிலேயே விசைப்பலகை ஒன்று தோன்றும். விசைகளே இயங்காத நிலையில், அமைப்புப் பகுதியிலுள்ள அணுகல் வசதிகள் வழியாகச் சுட்டியைக் கொண்டும் அதனைத் திறக்கலாம். சுட்டியால் அதன் எழுத்துகளைச் சொடுக்குங்கள். திரையில் எழுத்து தோன்றினால் கணினி நலமாக உள்ளது; குறை கைக்குக் கீழே உள்ள பலகையில்தான். அதன் செருகியைக் கழற்றி வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். கம்பியில்லாப் பலகையாயின் மின்கலத்தை மாற்றுங்கள். கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். பிறகும் இயங்காவிடில் வேறொரு கணினியில் பொருத்திப் பார்க்கலாம். ஒரே ஒரு விசை மட்டும் இறந்திருப்பின் பெரும்பாலும் அழுக்கே காரணம். தொடர்பற்ற பல விசைகள் ஒரே நேரத்தில் இறந்திருப்பின், தாளிலுள்ள மின்கோடு ஒன்று அறுந்திருக்கக்கூடும்; மலிவான பலகையில் அதனைச் சீர்செய்வது செலவுக்கு ஈடாகாது.

இனி, பழுதில்லாமலேயே பழுதுபோல் தோன்றும் நிலைகளைக் காண்போம். இவையே நம்மை மிகுதியும் அலைக்கழிப்பவை. சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில், குறிப்பாகப் பழையனவற்றில், எண்களுக்கெனத் தனிப்பகுதி இராது. ‘நம்லாக்’ விசையை அழுத்தினால் எழுத்து விசைகளிற் சிலவே எண்களாக மாறிவிடும். ‘ஜே, கே, எல்’ ஆகியவை 1, 2, 3 ஆகும். ‘யூ, ஐ, ஓ’ ஆகியவை 4, 5, 6 ஆகும். தமிழ் 99 முறையில் ‘கே’ விசையே மகரம் ஆகும். எனவே மாணவர் ஒருவர் ‘அம்மா’ என்று தட்டினால் திரையில் தோன்றுவது ‘அ22ஆ’! கணினிக்கு நச்சுநிரல் பிடித்துவிட்டது என்று அஞ்சிக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. ‘நம்லாக்’ விசையைத் தனியாகவோ ‘எஃப்என்’ விசையோடு சேர்த்தோ ஒருமுறை அழுத்தினால் அம்மா திரும்பி வந்துவிடுவார்.

வலப்புற ‘ஷிப்ட்’ விசையை 8 நொடிகள் விடாது அழுத்தினால், கைந்நடுக்கம் உடையோருக்கென அமைந்த வசதி ஒன்று திறக்கும். அதன்பின் விசையை நெடுநேரம் அழுத்தினால்தான் எழுத்து விழும். ‘ஷிப்ட்’ விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினாலும் இத்தகைய வேறொரு வசதி திறக்கும். விளையாட்டில் மூழ்கிய சிறுவர்கள் இவ்விரண்டையும் அறியாமல் திறந்துவிட்டு, திரையில் எழும் வினாவுக்கு ‘ஆம்’ என்றும் விடையளித்துவிடுவர். மறுநாள் அக்காள் கட்டுரை எழுத அமர்ந்தால் பலகை பிணங்கும். அணுகல் வசதிகளுக்கான பகுதியிற் சென்று இவற்றை அணைத்துவிடலாம்.

தமிழ் தட்டுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் வழக்கில் உள்ளமையும் குழப்பத்திற்கு ஒரு காரணமாகும். இங்கே சற்று வரலாறு கூறுதல் தகும். ஏனெனில் அவ்வரலாற்றிற் பெரும்பகுதி நம் மண்ணில் நிகழ்ந்ததாகும். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா வந்து பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்களே 247 எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுக்குள் அடக்கிக் காட்டியவர். பின்னர்க் கணினி வந்தபோது, கேரித் தீவில் பிறந்து கிள்ளானில் வாழும் கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன், 1985-ஆம் ஆண்டில் முரசு என்னும் மென்பொருளை உருவாக்கினார். அவருடைய செல்லினம் 2005-ஆம் ஆண்டில் கைப்பேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைமுறை தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றது. 2001-இல் தமிழிணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது. 2013 முதல் ஐபோனிலும், 2019 முதல் விண்டோஸ் 10-இலும் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு முறைகளும் உடன் வருகின்றன. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு தீவோடு தொடர்புடைய குடும்பத்தின் உழைப்பு இன்று உலகெங்கும் தமிழர் கையில் தவழ்கிறது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அஞ்சல் முறையில் ஒலிக்கேற்ப ஆங்கில விசைகளைத் தட்டுகிறோம். சிறிய ‘எல்’ லகரம். பெரிய ‘எல்’ ளகரம். ‘கேப்ஸ் லாக்’ விசை தவறுதலாக அழுந்திக் கிடந்தால் லகரம் எழுத முனைந்தவருக்கு ளகரம் கிடைக்கக்கூடும். பிள்ளைக்கு லகர ளகர வேறுபாடு தெரியவில்லை என்று கடிந்துகொள்ளுமுன் அந்த விசையின் விளக்கைப் பாருங்கள்.

தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. ‘அப்பா’ என்று எழுத அ, ப, ப, ஆ ஆகிய நான்கையும் தட்டினால் போதும். புள்ளி தானே விழும். ‘ந’வையடுத்துத் ‘த’ வந்தாலும் அவ்வாறே ‘ந்த’ ஆகிவிடும். வேண்டாத இடத்தில் புள்ளி விழுவதாகக் கருதுவோர், முதல் மெய்யை அடுத்து ‘அ’ விசையைத் தட்டினால் புள்ளி விழாது. பழைய தட்டச்சுப் பொறியில் பழகியோரின் இடர்ப்பாடு வேறு. அதில் புள்ளியை முதலில் தட்டி எழுத்தைப் பின்னர்த் தட்டுவர். கொம்பும் எழுத்துக்கு முன்னரே வரும். அப்பழக்கத்தோடு கணினியில் அமர்ந்தால் எழுத்துகள் இடம் மாறிச் சிதறும். தட்டச்சர் பிழையும் இல்லை, கணினி பிழையும் இல்லை. அவருக்குரிய பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் விரல்கள் முன்போல் ஓடும்.

‘விண்டோஸ்’ விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். தமிழ் அங்கே இல்லையெனில், அமைப்புப் பகுதியில் மொழி என்னும் பிரிவிற் சென்று தமிழைச் சேர்க்க வேண்டும். தமிழைத் தேர்ந்தபின் மேலே கூறிய திரை விசைப்பலகையைத் திறந்தால், எந்த விசையில் எந்த எழுத்து உள்ளது என்பது தெரியும். ஆங்கில எழுத்து மட்டுமே அச்சிட்ட பலகையில் பயிலும் மாணவருக்கு இதனினும் நல்ல ஆசான் இல்லை.

பலகையில் தே தாரிக் கொட்டிவிட்டால் என் செய்வது? உடனே செருகியைக் கழற்றுக; பலகையைக் கவிழ்த்து வைக்க. மடிக்கணினியாயின் மின்னிணைப்பை நீக்கி முழுமையாக அணைத்துவிட்டுக் கவிழ்க்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இடையிடையே இயக்குதல் கூடாது. வெறும் நீர் காய்ந்துவிடும். பாலும் சர்க்கரையும் காய்ந்தால் பசையாகிவிடும். எறும்புகளும் தேடி வரும். ஒட்டும் விசைகளின் ஓரங்களை, மின்தொடர்பு நீக்கிய பின், மருந்தகத்தில் கிடைக்கும் ஆல்கஹாலில் சற்றே நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சிறு துகள்கள் உள்ளே புகுந்து கேடு விளைவிக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எச்சரித்துள்ளது. அரிசி சோற்றுக்கு ஆகட்டும்.

கைப்பேசித் திரையைப் பற்றித் தோட்டப் பாட்டாளிகளுக்குத் தனியே ஒன்று கூற விழைகிறோம். ‘எங்கள் முரட்டுக் கைக்கு இது சரிப்பட்டு வராது, பிள்ளை எழுதட்டும்’ என்று சிலர் ஒதுங்கிவிடுகின்றனர். இது கல்வியறிவு பற்றிய செய்தி அன்று, இயற்பியல் செய்தி. திரையின் கீழ்க் கண்ணுக்குப் புலனாகாத மின்வலை ஒன்று உண்டு. ஈரப்பதமுள்ள விரல் அருகே வரும்போது அதன் மின்நிலை மாறுவதைக் கொண்டே கைப்பேசி தொடுகையை உணர்கிறது. குலை வெட்டிக் காய்த்துப்போன, உலர்ந்த தடித்த தோல் அம்மாற்றத்தைக் குறைவாகவே உண்டாக்கும். ஆதலால் விரல் நுனியை விட்டுத் தோல் மெல்லியதாய் உள்ள பக்கவாட்டால் தொடுக. கையைக் கழுவித் துடைத்த பின் தட்டுக. திரையில் நீர்த்துளி இருந்தாலும் அது தடுமாறும். தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தால் அதனை நீக்கிப் பாருங்கள். சில கைப்பேசிகளில் தொடு உணர்வைக் கூட்டும் அமைப்பும் உள்ளது. பிள்ளைகள் தேடித் தரலாம்.

கைப்பேசியில் விசைப்பலகையே தோன்றாவிடில் முதலில் அதனை அணைத்து இயக்குக. விசைப்பலகைச் செயலியைப் புதுப்பிக்க. சேமிப்பிடம் நிரம்பியிருந்தாலும் அது தள்ளாடும். நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களை அழித்தாலே பலருக்கு இடம் கிடைத்துவிடும். பலகை சிறுத்து நடுவில் மிதந்தால், அதன் பிடியைப் பற்றிக் கீழே இழுத்துவிடலாம். தமிழ் எழுத்துகள் இல்லையெனில், விசைப்பலகை அமைப்பில் மொழிகள் என்னும் இடத்தில் தமிழைச் சேர்க்க வேண்டும். பின்னர் உருண்டை வடிவ உலகப் படத்தைத் தொட்டோ, இடைவெளி விசையை நீள அழுத்தியோ மாற்றிக்கொள்ளலாம். அழிக்கும் விசையை ஒருமுறை தொட்டால் ‘கீ’ முழுதும் மறையாமல் ‘க’ எஞ்சி நிற்பதும் பழுதன்று. நாம் மூன்றெழுத்தாக எண்ணும் ‘தமிழ்’ கணினிக்கு ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அது ஒவ்வொன்றாகவே அழிக்கும்.

புதிய விசைப்பலகைச் செயலியை நிறுவ எண்ணுவோர், கைப்பேசியின் முறையான செயலிக் கடையிலிருந்து மட்டுமே பெறுக. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அச்செயலியின் வழியாகவே செல்கிறது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் அதில் அடங்கும். புலனத்தில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு நிறுவிய பலகை வீட்டிலுள்ள கைப்பேசியில் இருக்குமாயின், அதனை நீக்கிவிட்டு, வேறொரு பாதுகாப்பான கருவியிலிருந்து வங்கியின் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுக.