மலைப்பாதைகளின் வரலாறு – 9: விழுந்த மரமும் கைரம்பமும்

கூடாரம், படுக்கை, அடுப்பு, பல நாளுக்கான உணவு ஆகியவற்றை முதுகுப்பையில் சுமந்துகொண்டு, சாலையும் ஊரும் இல்லாத மலைக்காடுகளில் நாள்கணக்கில் நடக்கும் பயணத்தை அமெரிக்கர்கள் 'பேக்பேக்கிங்' என்பர். மனிதக் கை படாத இயற்கையைத் தேடிச் செல்வதாகவே இப்பயணிகள் பெரும்பாலும் எண்ணுகின்றனர். ஆனால் அவர்களைக் காட்டுக்குள் இட்டுச்செல்லும் ஒற்றையடிப் பாதை, ஆண்டுதோறும் மனித உழைப்பு இடையறாது செலவிடப்படுவதால்தான் நிலைத்திருக்கிறது. ஊதியம் பெறாமல் அவ்வுழைப்பை நல்கும் தன்னார்வலர்களும், அவர்கள் கையில் எந்தக் கருவி இருக்கலாம் என்பதை வரையறுத்த ஒரு சட்டமும் இவ்வாரப் பகுதியின் பொருளாகும்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கடாதின் மலையில் முடியும் அப்பலாச்சியன் நெடும்பாதை, 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. காட்டியல் பயின்ற பென்டன் மக்கை 1921இல் கட்டடக்கலை இதழொன்றில் எழுதிய கட்டுரையே இதற்கு வித்திட்டது. 1925இல் தொடங்கப்பட்ட அப்பலாச்சியன் பாதைக் கூட்டமைப்புக்கு 1931 முதல் 1952 வரை தலைமை வகித்த வழக்கறிஞர் மைரன் ஏவரி, அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாதையைத் தாமே நடந்து அளந்ததோடு, பராமரிப்புப் பணியை ஏற்க நடைக் கழகங்களையும் திரட்டினார். அதன் பயனாக 1937இல் பாதை முழுமை பெற்றது. மலைமுகடுகளை ஒட்டி மோட்டார் சாலைகள் அமைவதை மக்கை கடுமையாக எதிர்க்க, எப்படியும் பாதை முடிவு பெறவேண்டும் என்பதில் உறுதியாக இருந்த ஏவரி அச்சாலைகளை ஏற்றுக்கொள்ள முன்வந்ததால், 1930களின் நடுவில் இருவரும் பிரிந்தனர். 1935இல் வனாந்தரக் கழகத்தை நிறுவியோருள் மக்கையும் ஒருவர் என்பதை இப்பிரிவோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

அக்கழகத்தின் செயலாளராக விளங்கிய ஹோவர்ட் ஜானைசர் 1956 முதல் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதிய வரைவே வனாந்தரச் சட்டமாக உருப்பெற்றது. அவர் மறைந்து நான்கு மாதங்களுக்குப் பின், 1964 செப்டம்பர் 3 அன்று, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அதில் கையொப்பமிட்டார். மனிதர் வந்து போகும் விருந்தினராக மட்டுமே இருக்கத்தக்க நிலப்பரப்பையே 'வனாந்தரம்' என அச்சட்டம் வரையறுக்கிறது. அத்தகைய நிலங்களில் நிரந்தரச் சாலை, மோட்டார் வாகனம், மோட்டார் பொருத்திய கருவி, மிதிவண்டி போன்ற இயந்திரப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு இடமில்லை. நிலத்தை நிர்வகிக்க இன்றியமையாத குறைந்தபட்சத் தேவைக்கும், உயிர்காக்கும் நெருக்கடிக்கும் மட்டுமே விலக்கு உண்டு. அப்பலாச்சியன் பாதை முழுவதும் வனாந்தரத்தில் அமையவில்லை என்றாலும், ஜார்ஜியாவின் பிளட் மலை உள்ளிட்ட பல வனாந்தரங்களினூடே அது செல்வதால், அப்பகுதிகளில் பாதையின் குறுக்கே மரம் விழுந்தால் மோட்டார் ரம்பத்தை எடுத்துச் செல்ல இயலாது.

ஆகவே, பிற இடங்களில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்ட கைரம்பம் இங்கே அன்றாடக் கருவியாக நீடிக்கிறது. இருமுனையிலும் பிடி உள்ள இந்நீண்ட ரம்பத்தில் இருவகைப் பற்கள் உள்ளன: வெட்டும் பற்கள் மரநார்களை இருபுறமும் கீறித் துண்டிக்க, அவற்றுக்கிடையே சற்றுக் குட்டையாக அமைந்த வாரும் பற்கள் துண்டான நாரைச் சுருள்சுருளாக வெளியே இழுத்துத் தள்ளுகின்றன. இருவரும் மாறிமாறி இழுக்க வேண்டுமேயன்றி எவரும் தள்ளக் கூடாது. தள்ளினால் மெல்லிய தகடு வளைந்து சிக்கிக்கொள்ளும். சாய்ந்து கிடக்கும் மரம் எங்கே ஊன்றி நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஒருபக்க நார்கள் நெருக்குண்டும் மறுபக்க நார்கள் இழுபட்டும் இருக்குமாதலால், அதைக் கணிக்காமல் அறுப்பவரின் ரம்பத்தை வெட்டுவாய் இறுகப் பற்றிக்கொள்ளும், அல்லது மரம் திடீரெனத் துள்ளி ஆளைத் தாக்கும். இக்காரணத்தால் வெட்டுவாயில் ஆப்பு அடித்து அறுக்கும் முறை கற்பிக்கப்படுகிறது. தேசியக் காடுகளில் ரம்பம் பிடிக்கும் தன்னார்வலர் பயிற்சியும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும்.

மரம் விழுவது கண்ணுக்குத் தெரியும் தடை என்றால், பாதையின் நிலையான பகை மழைநீரே. சரிவை நேராக ஏறும் பாதையில் இறங்கும் நீர் மண்ணை அரித்து அதை ஓடையாக்கிவிடுகிறது. ஓடையில் நடக்க விரும்பாதவர் ஓரம் ஒதுங்கி நடப்பதால் பக்கத்துச் செடிகள் மிதிபட்டு, ஓரடி அகலப் பாதை சில ஆண்டுகளில் அகன்ற மண்காயமாகிறது. இதைத் தடுக்க, பாதைத்தளம் பள்ளத்துப் பக்கமாகச் சற்றே சாய்வாக அமைக்கப்படுகிறது; குறுக்கே கல்லோ கட்டையோ பதித்து நீர் வெளியே திருப்பப்படுகிறது. இலையும் சேறும் அடைத்துக்கொண்டால் இவ்வமைப்புகள் பயனற்றுப்போவதால், அவற்றை மண்வெட்டியால் தூர்வாருவதே தன்னார்வலரின் பெரும்பொழுதைக் கொள்ளும் வேலை. நான்கடி அகலம், எட்டடி உயரத்துக்குக் கிளைகளைக் கழிப்பதும், வழிகாட்டும் 2 அங்குல அகல, 6 அங்குல உயர வெண்பட்டைகளை மரங்களில் மீண்டும் தீட்டுவதும், பாதையோரத்தில் உள்ள 250க்கும் மேற்பட்ட தங்குகொட்டகைகளைப் பழுதுபார்ப்பதும் இதனுடன் சேரும்.

இப்பணி ஒழுங்காக நடைபெறுவதற்குக் காரணம் பொறுப்புப் பங்கீடு: சுமார் 30 கழகங்கள் பாதையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, பல இடங்களில் சில கிலோமீட்டர் நீளத்தை ஓர் உறுப்பினரிடமே ஒப்படைக்கின்றன. 1968இல் இயற்றப்பட்ட தேசியப் பாதைகள் சட்டம் இதை அரசுப் பாதையாக ஏற்ற பின்னரும் இம்முறை மாறவில்லை. 1984இல் தேசியப் பூங்காத் துறை பாதை நிலங்களின் அன்றாட நிர்வாகப் பொறுப்பையே கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் பாதையின் தென்பகுதியில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்து நெடுந்தொலைவை மூடச் செய்தபோது, அதை மீளத் திறக்கும் பணியில் முன்னின்றவர்களும் இக்கழகத்தினரே.

மோட்டார் ரம்பம் விரைவில் முடிக்கும் வேலையைக் கைரம்பத்தால் நீட்டிப்பது வீண் என வாதிடுவோர் உண்டு. பணி நிலுவை மிகுந்த இடங்களில் அவ்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. எனினும் கைக்கருவி விதி இருவகையில் பயன் தருகிறது: இயந்திர ஓசை காட்டுக்குள் நுழையாமல் தடுக்கிறது, தலைமுறை தாண்டிக் கைமாறவேண்டிய திறனை அழியாமல் காக்கிறது. நன்கு பேணப்பட்ட ஒற்றையடிப் பாதை, ஆயிரக்கணக்கானோரின் காலடியை ஒரு கோட்டுக்குள் அடக்கி, அதற்கு அப்பாலுள்ள காட்டை மிதிபடாமல் விடுகிறது என்பதால், பாதை பேணுதலைக் காடு பேணுதலின் ஒரு கூறாகவே கொள்வது முறை. எந்த மலைப்பாதையிலும் நடப்பவர் சேற்றைக் கண்டு ஓரம் ஒதுங்காமல் பாதையின் நடுவிலேயே நடந்தாரானால், அதுவே பராமரிப்பில் அவர் ஆற்றும் முதல் பங்கு.

(அடுத்த இதழில்: 1948இல் இப்பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்து முடித்ததாக அறிவித்த எர்ல் ஷாஃபர்)