ஒற்றை முனை வார்: கைவிட்ட துப்பாக்கி ஏன் தலைகீழாகத் தொங்குகிறது?

ஒற்றை முனை வார், துப்பாக்கியில் ஒரே இடத்தில்தான் மாட்டப்படுகிறது. பெரும்பாலும் பின்கட்டை தொடங்கும் இடத்தில். எடைமையம் அதற்கு முன்னால் இருப்பதால், கையை விட்டதும் குழல் தானாகவே தரையை நோக்கித் திரும்பிவிடும். முன்முனையைக் கட்டிப்போட எதுவும் இல்லாததால், சுவர் மூலையில் வலத் தோளிலிருந்து இடத் தோளுக்கு நொடியில் மாற்றலாம். கட்டடங்களுக்குள்ளும் வண்டிகளிலும் இயங்கும் படையினர் இதை விரும்புவது அதனால்தான்.

அணியும் முறை எளிது: தலையையும் ஒரு கையையும் வளையத்துக்குள் நுழைத்தால், வார் பூணூல் போல மார்பில் குறுக்காகக் கிடக்கும். நீளத்தைச் சரிசெய்வதில்தான் நுணுக்கம். முதலில் குண்டுகளை அகற்றிவிட வேண்டும். மேலங்கியும் கவச உடையும் அணிந்தபிறகே அளவு பார்க்க வேண்டும். வெறும் சட்டைமேல் வைத்த அளவு பிறகு இறுகும். தொங்கும்போது பின்கட்டையின் முனை காறையெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்பது நல்லது. தோளுக்கு உயர்த்துகையில் வார் இழுத்தால் அது குட்டை. சில வார்களில் உள்ள மீள்நாடா இந்த இழுப்பைத் தணிக்கும்.

வார் நீண்டுவிட்டால் துப்பாக்கி ஊசலாகிவிடும். ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள எம்4 துப்பாக்கி ஓட்டத்தில் முழங்காலை இடிக்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட வேண்டியதுதான். நெடுந்தூர நடைக்கு, இரண்டு இடங்களில் மாட்டும் இரு முனை வாரே மேல்.